மூணு சீட்டுக்கு ஒரு சீட்டு

ஒரு முதல் வகுப்பு இருக்கையைப் போட்டால் மூன்று சாதாரண இருக்கைகளின் இடம் போய்விடும். பிசினஸ் வகுப்பு என்றால் இரண்டின் இடம். 'ஏர்லைன் மேனேஜர் 4' என்ற கேமில் விமானம் வாங்கப் போனால் முதலில் வந்து நிற்கிற கேள்வி இதுதான்: இந்தத் தரையை எப்படிப் பங்கு போடப்போகிறாய்? 2020 ஊரடங்கில், கேரளத்தில் பீர்மேட்டுக்குப் பக்கத்தில் பாம்பனாரில், சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத நான் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் வேலை. எல்லாம் அடைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் கம்பம் வழியாகப் பஸ் பிடித்துக் குமுளியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு குமுளி செக்போஸ்ட்டை மூடிவிட்டார்கள். தினமும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறி வரும் ஜீப்புகள் நின்றன. மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து உள்நாட்டு விமானங்களும் நின்றன. நாடு முழுக்க நிஜ விமானங்கள் மூக்குக்கும் இன்ஜினுக்கும் உறை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்ற அந்த நாட்களில்தான் என் கம்பெனி பறக்க ஆரம்பித்தது. மதுரைதான் தலைமையிடம். எங்கள் இடுக்கி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கொச்சியை எடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழனுக்கு ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, காலேஜ் எல்லாமே மலையிறங்கி மதுரைதான். கை தானாக அங்கே போய்விட்டது.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் வராது. எஸ்டேட் ஆபீசுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும், காற்று நன்றாக இருந்தால் மூன்று. ஜூனில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் குடையும் பிளாஸ்டிக் ஷீட்டுமாக அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் ஒன்பதாம் வகுப்பு மலையாளப் பாடம், இன்னொரு பக்கம் என் ஆபீஸ் மீட்டிங், நடுவில் என் விமான கம்பெனி. இந்தக் கேமில் விமானம் தானாகக் கிளம்பாது. ஒவ்வொரு தடவை இறங்கியதும் நாம்தான் மறுபடி அமுக்கி அனுப்ப வேண்டும். மழையில் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் அமுக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா கேட்டார், "என்னடா அது, மழையில நின்னு பொத்தானை அமுக்குற?"

சித்தப்பா ட்ரிப் ஜீப் ஓட்டுகிறவர். பாம்பனாரிலிருந்து எஸ்டேட் டிவிஷன்களுக்கு ஆளும் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிப் போகிற பழைய மஹிந்திரா கமாண்டர். ஊரடங்கில் ட்ரிப் இல்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் தொட்டி மேட்டுக்கு வந்து உட்காருவார். சொன்னேன். பிளேன் கம்பெனி, டிக்கெட் விலை நாமே வைக்கணும், சீட்டை நாமே பிரிக்கணும் என்றேன். அவர் மற்றதெல்லாம் விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"மூணு பேர் இடத்துல ஒருத்தனை உக்கார வைக்கிறியா? அவன் எவ்வளவு குடுப்பான்?"

அந்தக் கணக்கை நான் ஏற்கெனவே ஒரு நோட்டில் போட்டு வைத்திருந்தேன். கேமின் எளிய நிலையில் டிக்கெட் விலைக்கு ஒரு சூத்திரம் உண்டு. சாதாரண வகுப்புக்கு, தூரத்தை 0.4-ஆல் பெருக்கி 170 டாலர் கூட்ட வேண்டும். முதல் வகுப்புக்கு 1.2-ஆல் பெருக்கி 1200 கூட்ட வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். சாதாரண டிக்கெட் 338 டாலர், முதல் வகுப்பு 1704. மூன்று சாதாரண டிக்கெட் சேர்ந்தால் 1014. ஆக, மூன்று பேரை எழுப்பிவிட்டு ஒருவரை உட்காரவைத்தால் 690 டாலர் கூடுதல். சரி, தூரம் போனால் இன்னும் லாபமாக இருக்கும் என்று 8000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று சாதாரண டிக்கெட் 10,110. முதல் வகுப்பு ஒன்று 10,800. வித்தியாசம் அதே 690. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போட்டாலும் அதே 690-தான். 0.4-ஐ மூன்றால் பெருக்கினால் 1.2, அதனால் தூரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 1200-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம்.

இதை நோட்டில் கண்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இதன் அர்த்தம், நிஜ உலகத்துக்கு நேர் எதிர். நிஜத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு எவனும் முதல் வகுப்புக் கேட்க மாட்டான், பத்து மணி நேரம் கால் மடக்கி உட்கார முடியாதவன்தான் கேட்பான். கேமிலோ குட்டிப் பயணத்தில்தான் முதல் வகுப்புக்கு மவுசு. ஒரு நாளில் லண்டனுக்கு ஒரு நடை போய்வருவதற்குள் சென்னைக்கு எத்தனையோ நடை அடித்துவிடலாம், ஒவ்வொரு நடைக்கும் சீட்டுக்கு 690.

இன்னொன்றும் உண்டு. முதல் வகுப்பு சீட் காலியாகப் போனால் என்ன ஆகும்? அந்த இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்றால் மூன்று டிக்கெட் நஷ்டம். சென்னைப் பயணத்தில் 1704-க்கு எதிராக 1014. அதாவது பத்து நடையில் ஆறு நடை அந்தச் சீட் நிறைந்தால்கூடக் கையைக் கடிக்காது. 8000 கிலோமீட்டரில் அப்படி இல்லை. பத்தில் ஒன்பதுக்கு மேல் நிறைந்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே சென்னைக்கு முதல் வகுப்பு, லண்டனுக்கு முழுக்கச் சாதாரணம். உலகத்தில் எந்த விமான கம்பெனி முதலாளியும் சிரிக்கிற முடிவு. நோட்டில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

சித்தப்பா சிரிக்கவில்லை. "முன்சீட்டு கேக்குறவன் ஒரு நாளைக்கு எத்தனை பேர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேமே சொல்லிடும் சித்தப்பா. இந்த ரூட்டுல ஒரு நாளைக்குச் சாதாரணம் இத்தனை, பிசினஸ் இத்தனை, ஃபர்ஸ்ட் கிளாஸ் இத்தனைன்னு போட்டிருக்கும்."

"முன்னாடியே சொல்லிருவானா?"

"ஆமா."

"அப்ப இதுல என்னடா இருக்கு? ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு, இன்னைக்கு எவன் வருவான் எவன் வரமாட்டான்னு தெரியாம நிக்கிறதுதானே தொழிலு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நாளைக்கு இருபது பேர் முதல் வகுப்புக் கேட்கிறார்கள் என்று எழுதிக் காட்டிவிட்டால், நான்கு நடை ஓட்டுகிறவன் நடைக்கு ஐந்து சீட் போடுவான். ஐந்தை மூன்றால் பெருக்கிப் பதினைந்து சாதாரண இடம் போகும். 180 பேர் கொள்ளும் விமானத்தில் மிச்சம் 165. பிள்ளைகள்கூடப் போடும் கணக்கு. நிஜத்தில் இந்த இருபது என்ற எண்ணைத்தான் யாரும் எழுதித் தருவதில்லை. அந்த எண்ணை ஊகித்து, ஊகத்தின் மேல் கோடிக்கணக்கில் கடன் வாங்கி விமானத்தை நிறுத்துகிறார்கள்.

நான் மதுரையில் படித்த காலத்தில் அப்படி ஒரு ஊகத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். திருப்பரங்குன்றம் பக்கத்து விடுதியின் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பாராமவுண்ட் விமானம் தாழ வந்து இறங்கும். 2005 அக்டோபரில் தொடங்கிய கம்பெனி. மதுரைக்காரரான எம்.தியாகராஜன் நடத்தியது. எம்ப்ரேயர் 170, 175 என்ற பிரேசில் நாட்டுச் சின்ன ஜெட்டுகள். இடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் மாட்டிக்கொள்கிற சீட்டே கிடையாது. நாடெங்கும் கட்டணத்தைக் குறைத்து ஆளை அடைப்பதில் போட்டி நடந்தபோது, இவர்கள் பிசினஸ் வகுப்பு வசதி என்று சொல்லிச் சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் ஓட்டினார்கள். விடுதியில் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கும்: மதுரையில் யார் இதற்குக் காசு கொடுப்பார்கள்?

கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு சாமர்த்தியமும் இருந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எண்பது சீட்டுக்குக் குறைந்த விமானத்துக்கு நம் நாட்டில் இறங்குகட்டணம் கிடையாது. நாற்பது டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரி நான்கு சதவீதமாகத்தான் இருந்தது, பெரிய விமானக்காரர்கள் மாநிலத்துக்கு மாநிலம் அதைப் போலப் பல மடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். எம்ப்ரேயர் இந்த இரண்டு கோட்டுக்கும் உள்ளே அளவாக அடங்கியது. வசதியான சீட்டின் செலவை மிச்சமான வரி சுமந்தது. சட்டத்தை இவ்வளவு கவனமாகப் படித்துச் சீட்டுப் போட்ட மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. 2010-ல் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு தகராறாகிக் கம்பெனி நின்றுபோனது. விமானம் நின்றது காலி சீட்டால் அல்ல என்பது என் கட்சி, விவாதத்துக்கு ஆள் கிடைத்தால் இன்னும் வாதாடுவேன்.

கிங்ஃபிஷர் கதை வேறு. ஏர் டெக்கான் ஒரு ஏ320 விமானத்தில் 180 சீட் போட்டது. அதே ஏ320-ல் கிங்ஃபிஷர் முன்னால் இருபது அகலச் சீட்டும் பின்னால் 114-ம் போட்டு மொத்தம் 134 பேரோடு பறந்தது. 46 பேரின் இடம் கால் நீட்டுவதற்குப் போனது. கேப்டன் கோபிநாத் 2003-ல் தொடங்கிய டெக்கானைப் பற்றி அப்போது எங்கள் பக்கத்தில்கூடப் பேச்சு இருந்தது, பஸ்ஸில் போகிறவனைப் பிளேனில் ஏற்றுகிறார் என்று. கடைசியில் 2007-ல் 134-காரர் 180-காரரின் கம்பெனியில் பங்கு வாங்கி, பிறகு முழுதாகச் சேர்த்துக்கொண்டார். 2012 அக்டோபரில் எல்லாமே தரையிறங்கிவிட்டது. டெக்கானும் லாபம் பார்த்த கம்பெனி இல்லை என்பதால் யார் சொன்னது சரி என்று இதைக் காட்டி வாதாட முடியாது. அதே காலத்தில், 2006-ல், ஒரே வகுப்பு, ஒரே மாதிரி விமானம் என்று சத்தமில்லாமல் தொடங்கிய இண்டிகோ மட்டும் இருந்த இடத்திலிருந்து பெருகிக்கொண்டே போனது.

இதையெல்லாம் தொட்டி மேட்டில் வைத்துச் சித்தப்பாவிடம் சொல்வேன். மழைக்காலத்தில் பேச்சுக்கு நேரம் நிறைய. தேயிலைத் தோட்டத்தில் பாதி ஆள் வைத்துக் கொழுந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருந்தது, சித்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலைக்குப் போவாள். சித்தப்பா ட்ரிப் இல்லாத மனுஷன். அவர் பதிலுக்குச் சொன்ன கதைகளில் இரண்டு இந்த விஷயத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, தாத்தாவுடையது. தாத்தா ஒரு எஸ்டேட்டில் துரையின், அதாவது மேனேஜரின், ஜீப் ஓட்டியவர். வெள்ளைக்காரத் துரை போய் நம்மூர்த் துரை வந்த பிறகும் பேர் துரைதான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட் துரையுடையது. துரை வண்டியில் இல்லாவிட்டாலும் அது துரையுடையதுதான். கோட்டயத்தில் ரயில் ஏற்றிவிட்டுக் காலி வண்டியாக முண்டக்கயம் ஏற்றத்தில் திரும்பும்போது, மழையில் நனைந்து நடந்து வரும் நம் ஆட்களைத் தாத்தா ஏற்றிக்கொள்வார். எல்லோரும் பின்னால் இடித்துப் பிடித்து ஏறுவார்கள். முன்சீட்டில் மட்டும் ஒருவரும் உட்கார மாட்டார்கள். அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியைத் தாத்தா ஒரு தடவை முன்னால் உட்காரச் சொன்னாராம். அவள் மாட்டேன் என்று பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாளாம். மறுநாள் காலை வேலைக்குப் பேர் எடுக்கும் மஸ்டரில் யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் பேர் விழாது என்ற பயம். துண்டு மட்டும் நனையாமல் பீர்மேடு வந்து சேர்ந்தது.

கேமில் ஆளில்லாத முதல் வகுப்பு சீட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டவனுக்கு இந்தக் கதை வேறு மாதிரி உறைத்தது. துரையின் சீட்டுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அது நிறைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலியாக ஓடுவதற்காகவே போட்ட சீட். அந்தத் தொழிலுக்கு வேறு சூத்திரம்.

இரண்டாவது கதை சித்தப்பாவுடையதே. பருந்தும்பாறை பார்க்க வந்த ஒரு டூரிஸ்ட் குடும்பம், வண்டி கிடைக்காமல் பாம்பனார் ஸ்டாண்டில் நின்றது. வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் முன்சீட் முழுசும் வேண்டும், அதில் வேறு யாரையும் ஏற்றக்கூடாது, எவ்வளவு ஆனாலும் தருகிறோம் என்றார்கள். சித்தப்பா கேட்டது ஆறு பேர் காசு. முன்சீட்டில் ஏற்கெனவே டிவிஷனுக்குப் போக மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், தினசரி வருகிறவர்கள். சித்தப்பா அவர்களிடம், "அடுத்த ட்ரிப்புல கூட்டிட்டுப் போறேன்" என்று இறக்கிவிட்டார். அடுத்த ட்ரிப்புக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று பேரும் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்கள்.

"கணக்கு சரிதானே சித்தப்பா? மூணு பேர் இடத்துக்கு ஆறு பேர் காசு."

"அன்னைக்குச் சரி."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த மூணு பேரும் என் வண்டியில ஏறலடா. ஸ்டாண்டுல நான் முதல் ஆளா நின்னாலும் பின்னாடி நிக்கிற வண்டிக்குப் போயிருவாங்க. அவங்க மட்டுமா? அவங்க வீட்டு ஆளுங்க, லயத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க. ஓணம் வரைக்கும் அப்படித்தான்."

இதற்குக் கேமில் இடமே இல்லை. நான் மூன்று சாதாரணச் சீட்டைக் கழற்றினால் அந்த மூன்று பேர் எங்கே போகிறார்கள் என்று கேம் கேட்பதில்லை. மறுநாள் காலை அந்த ரூட்டின் எண்ணிக்கை மறுபடி முழுதாக வந்து நிற்கும். நேற்று இறக்கிவிடப்பட்டவருக்கு நேற்றே மறந்துவிடும். முதல் வகுப்பில் ஏறியவர் டீ கேட்பதில்லை, படுக்கை கேட்பதில்லை, அவருக்கென்று தனியாக ஒரு பணிப்பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. 690 டாலர் அப்படியே கைக்கு வருகிறது. நிஜத்தில் முதல் வகுப்பு வைத்தவர்கள் தனி ஓய்வறை, தனிச் சாப்பாடு, கூடுதல் சிப்பந்திகள், கனமான இருக்கைகளைச் சுமக்கும் எரிபொருள் என்று அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வீடே கட்ட வேண்டியிருந்தது. ஜெட் ஏர்வேஸ் 2007 வாக்கில் 777 விமானங்களில் கதவு வைத்த எட்டு அறைகள் போட்டது. அந்தக் கம்பெனி 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது.

அந்த ஊரடங்கில் மே 7 ராத்திரி, வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கூட்டிவரும் வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானம் அபுதாபியிலிருந்து கொச்சியில் இறங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். முழுக்க ஒரே வகுப்புச் சீட்டு. 2005-ல் கேரளத்து வளைகுடாக்காரர்களை நம்பியே தொடங்கிய கம்பெனி அது. லயத்தில் ஒரே ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். முகக்கவசம் போட்டவர்கள் இறங்கி வருவதைப் பார்த்துச் சித்தி கேட்டாள், "இவங்கள்ல யாருக்கும் வேலை இல்லையாம்ல?" பலருக்கும் இல்லைதான்.

ஆகஸ்ட் வந்தது. மழை அந்த வருஷம் வானத்தைப் பிளந்துகொண்டு வந்தது. ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் ராஜமலையில் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்தது. அந்தப் பக்கம் சிக்னல் இல்லை, பெரியவாரைப் பாலம் போய்விட்டது, வெளியே தகவல் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. இறந்தவர்கள் எழுபது பேர். எங்களைப் போன்ற ஆட்கள், பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். ஆகஸ்ட் 7 சாயங்காலம், பெட்டிமுடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இருபத்தொரு பேர் இறந்தார்கள். ஒரே மாநிலம், ஒரே மழை, ஒரு நாள் இடைவெளிகூட இல்லை.

கேரள அரசு விமானத்தில் இறந்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் என்றது. முதலமைச்சர் மறுநாளே கோழிக்கோடு போனார், பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்தார். பெட்டிமுடிக்கு அறிவித்தது முதல்கட்ட உதவிதான் என்று விளக்கம் சொன்னார்கள். வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் போக முடியவில்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். எங்கள் மலை முழுக்க அந்த இரண்டு எண்களைத்தான் பேசினார்கள். பத்து, ஐந்து. தேயிலைக்காட்டில், ரேஷன் கடையில், தொட்டி மேட்டில். எனக்கும் கோபம் வந்தது. விமானத்தில் வந்தவன் என்றால் ஒரு விலை, லயத்தில் படுத்திருந்தவன் என்றால் ஒரு விலையா என்று நான் கத்தினேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "பிளேன்ல வந்தவனும் வேலை போய் வந்தவன்டா. அவன் பணக்காரன்னு எவன் சொன்னான்? அவனுக்குக் குடுத்ததைக் குறைக்கச் சொல்லாத. நம்மளுக்குக் குடுத்ததைக் கூட்டச் சொல்லு." அந்த விமானத்தில் ஏறியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, அதைத் தெரியாத அவருக்குத்தான் தோன்றியிருந்தது.

சில நாள் யாரும் தொட்டி மேட்டுக்குப் போகவில்லை. மேடு என்றாலே பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால் என் விமானங்கள் எல்லாம் இறங்கின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன, அமுக்க ஆளில்லாமல். பணம் கரையவும் இல்லை, கூடவும் இல்லை. அன்றைக்குத்தான் சீட்டு விஷயத்தை முடித்தேன். சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற கிட்டத்து ஊர்களுக்குக் கேம் சொன்ன எண்ணிக்கை அளவுக்கு மட்டும் முதல் வகுப்பு. அதற்குப் பிறகு பிசினஸ். மிச்சமெல்லாம் சாதாரணம். தூரத்து ஊர்களுக்கு முதல் வகுப்பு கிடையாது. பின்சீட் எப்படியும் நிறையாத ரூட்டுகளில் மட்டும், காலி இடத்துக்கு விலையே இல்லை என்பதால், தூரத்துக்கும் ஒன்றிரண்டு போட்டேன்.

"கடைசியில போட்டுட்டியா?" என்றார் சித்தப்பா.

"கேம்ல இறக்கி விட்டவன் கோவிச்சுக்க மாட்டான் சித்தப்பா. அதனால போட்டேன்."

அதை ஒப்புக்கொண்டார். கோபித்துக்கொள்ளாத ஆள் கிடைத்தால் தானும் போடுவேன் என்றார். செப்டம்பரில் ட்ரிப் மெல்லத் தொடங்கியபோது அவர் ஜீப்பில் முன்சீட்டுக்குப் புது வழக்கம் ஒன்று வந்திருந்தது. தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு முதல் உரிமை, காசு அதே காசு. தொற்று பயத்தில் நோயாளியோடு ஒட்டி உட்கார யாரும் விரும்பவில்லை என்பதுதான் காரணம், இதில் தர்மம் ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார்.

2022-ல் சித்தப்பாவுக்கு நிஜ விமானம் ஒன்றைப் பக்கத்தில் பார்க்கக் கொடுத்துவைத்தது. வண்டிப்பெரியாறுக்கு மேலே சத்திரத்தில், சபரிமலைக்குப் புல்மேடு வழியாக நடந்து போகிறவர்கள் கிளம்புகிற இடத்தில், என்சிசி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 650 மீட்டர் ஓடுதளம் போட்டிருந்தார்கள். அந்த வருஷம் முதல் முயற்சியில் விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. மழையில் ஓடுதளத்தின் ஓரமே சரிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற குட்டி விமானம் ஒருவழியாக இறங்கியது. இடுக்கி மாவட்டத்தில் விமானம் இறங்கியது அதுதான் முதல் தடவை. சித்தப்பா ட்ரிப்பை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் செய்து முதலில் சொன்னது, "மொத்தமே ரெண்டு சீட்டுதான்டா. ரெண்டும் முன்சீட்டு."

நான் இப்போது கோயம்புத்தூரில்தான் இருக்கிறேன். கேமைத் தினமும் தொடுவதில்லை, போனால் இரண்டொரு விமானத்தை அனுப்பிவிட்டு வருவேன். 2024 நவம்பரில், பதினெட்டு வருஷம் ஒரே வகுப்பிலேயே ஓடிய இண்டிகோ டெல்லி–மும்பை தடத்தில் பிசினஸ் வகுப்பு கொண்டுவந்தது. ஏ321 விமானத்தில் 232 சாதாரணச் சீட்டு இருந்த இடத்தில் 208 சாதாரணமும் முன்னால் 12 அகலச் சீட்டும். பேப்பரில் பார்த்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டு எண்களை மட்டும் சொன்னேன். இரைச்சலில், வண்டியை ஓரங்கட்டிக்கொண்டு கேட்டார் போலிருக்கிறது.

"இருநூத்தி முப்பத்திரண்டுல இருநூத்தி எட்டு போனா இருபத்தி நாலு. இருபத்தி நாலு பேர் இடத்துல பன்னெண்டு பேர். ரெண்டுக்கு ஒண்ணு."

"ஆமா."

"மூணுக்கு ஒண்ணு போடலையா?"

"இல்ல."

"இறக்கிவிட்டவன் அடுத்த வண்டிக்குப் போயிருவான்னு தெரியுது அவனுக்கு. சரி வை, ஆள் ஏறுது."